காரணம் மறந்த சொற்கள்: மொழி கடக்கும் உருவகமும் பொருள் மாற்றமும்

ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் வேறுபடுவதும், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது வேறுபடுவதும் சொற்பொருள் மாற்றம் எனப்படும். இம்மாற்றம் நிகழும் வழிகளுள் முதன்மையானது உருவகம். ஒன்றின் பெயரை அதனோடு ஒப்புமையுடைய பிறிதொன்றுக்கு இடுவதே சொல்லளவில் உருவகம் செய்யும் வேலை. சொற்பொருள் ஆய்வைத் தனித்துறையாக அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவரான பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் 1897இல் வெளியிட்ட நூலில் இதற்கு இடமளித்தார். ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் எழுதிய நூலில், உருவகம் செய்யுளுக்கு மட்டும் உரிய அணி அன்று, அன்றாடச் சிந்தனையே அதன்மீது அமைந்தது என வாதிட்டனர்.

பொருள் மாறிய சொற்களைப் பற்றித் தமிழில் பேசுவோரிடம் இரண்டு நிலைப்பாடுகளைக் காணலாம். மூலமொழியில் உள்ள பொருளே சரியானது, மாறியது பிழை என்பது ஒன்று. வழக்கு எப்படியோ பொருளும் அப்படியே, அதில் சரி தவறு பார்க்க ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முதல் நிலைப்பாட்டைப் பெரும்பாலான சான்றுகள் தாங்கவில்லை. இரண்டாவது நிலைப்பாடு பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்தினாலும், சில சொற்களுக்குப் பொருந்தாது. அந்தச் சில சொற்களை அடையாளம் காண ஒரு வழி வேண்டும். அதற்கான கருவி தமிழ் இலக்கண மரபிலேயே இருக்கிறது.

மரபிலக்கணத்தின் பார்வை

தொல்காப்பியம் உரியியலில், சொற்களுக்குப் பொருள் அமைந்த காரணம் எளிதில் விளங்கித் தோன்றாது என்று கூறுகிறது. காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை. பார்த்தவுடன் புலப்படாது என்றே சொல்கிறது. நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பிரிக்கிறது. காரணம் இன்றி வழங்கிவரும் பெயர் முன்னது. காரணம் பற்றி அமைந்த பெயர் பின்னது.

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்பர். தொல்காப்பியம் இதனை வேற்றுமை மயங்கியலில் பேசுகிறது. உவமையாகுபெயருக்குப் பள்ளி நூல்கள் தரும் வழக்கமான எடுத்துக்காட்டு ‘பாவை வந்தாள்’ என்பது. பாவை போன்ற பெண்ணைப் பாவை என்றே சொல்வதால் இது உவமையாகுபெயர். நன்னூல் ஆகுபெயருக்கு இலக்கணம் கூறும்போது, அது தொன்றுதொட்டு வரும் முறையில் அமைய வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சேர்க்கிறது. நேற்று ஒருவர் செய்த ஒப்புமை ஆகுபெயர் ஆகாது. சமூகம் ஏற்றுக்கொண்டு வழங்க வேண்டும்.

இந்த வகைப்பாடு நுட்பமானது. ஆனால் அது ஒரு மொழிக்குள் ஒரு காலத்து நிலையைப் படம்பிடிக்கிறது. காரணப்பெயராகத் தொடங்கிய சொல் காரணம் மறக்கப்பட்டு இடுகுறிப்பெயர் போல் ஆகலாம். அதற்குப் புதிய காரணம் ஒன்று கற்பிக்கப்படவும் கூடும். ஒரு மொழிக்குள் இது மெதுவாக நடக்கிறது. மொழி எல்லையைக் கடக்கும்போது ஒரே எட்டில் நடந்துவிடுகிறது. சொல் கடன் போகும்போது ஒலியும் ஒரு பயன்பாடும் போகின்றன, காரணம் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. கீழ்வரும் சான்றுகள் அனைத்தையும் இந்த ஒரு கருத்தைக்கொண்டு விளக்கலாம்.

கடன் இல்லாமல் ஒத்த உருவகங்கள்

முதலில், சொல் கடக்காமலே உருவகம் ஒத்திருக்கும் இடங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்ணின் கருமணி நடுவே உள்ள துளைக்குத் தமிழில் பாவை என்று பெயர். திருக்குறளில் ‘காதற்சிறப்பு உரைத்தல்’ அதிகாரத்தில், கண்மணியில் உள்ள பாவையை விலகிப் போகச் சொல்லிக் காதலிக்கு இடம் கேட்கிறான் தலைவன். லத்தீனில் அதற்குப் ‘பூப்பில்லா’ என்று பெயர். சிறு பொம்மை, சிறுமி என்பது பொருள். கிரேக்கத்தில் ‘கோரே’ என்னும் சொல் பெண்ணையும் கண்ணின் பாவையையும் குறிக்கும். சமற்கிருதத்தின் ‘கனீனிகா’ சிறுமியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அரபு மொழியில் அது ‘கண்ணின் மனிதன்’.

தமிழும் அரபும் லத்தீனும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எதிரே நிற்பவரின் கண்ணை நெருங்கிப் பார்த்தால் பார்ப்பவரின் சிறிய உருவம் அதில் தெரியும். அந்தக் காட்சி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அதனால் பெயரின் காரணமும் ஒத்து அமைந்தது. ஆங்கிலத்தில் லத்தீன் வழி வந்த ‘ப்யூப்பில்’ என்னும் சொல்லை ஆளும் இன்றைய மாணவருக்கு அதனுள் ஒரு பொம்மை இருப்பது தெரியாது. ‘பாவை’ என்று சொல்லும் தமிழருக்கு அது இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அச்சொல் இடுகுறி, தமிழில் காரணப்பெயர்.

அறிதலைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய ஒற்றுமை உண்டு. தமிழில் ‘தெரிதல்’ கண்ணுக்குப் புலப்படுதலையும் அறிதலையும் குறிக்கும். கிரேக்கத்தில் ‘அறிவேன்’ என்னும் வினை ‘பார்’ என்னும் வேரிலிருந்து வந்தது. ‘வேதம்’ என்பதன் வேரும் லத்தீனில் ‘பார்’ எனப் பொருள்படும் வினையின் வேரும் ஒன்றே. இதைக்கொண்டு, காண்பதை அறிவதாகக் கருதுவது மனித இனம் முழுவதற்கும் பொது எனச் சிலர் கருதினர். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த நிக்கலஸ் எவன்ஸ், டேவிட் வில்கின்ஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முடிவைத் திருத்தினர். அம்மொழிகளில் அறிதலுக்கான சொற்கள் கேட்டலிலிருந்தே மிகுதியாகப் பிறக்கின்றன.

தமிழில் இரண்டு வழிகளும் உண்டு. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் அதிகாரம் கேட்டுப் பெறும் அறிவைப் பற்றியது. இன்று பள்ளி மாணவரிடம் கேள்வி என்றால் வினா என்றே பொருள்கொள்வார். செவிவழிக் கல்வி குறைந்து எழுத்துவழிக் கல்வி பெருகிய காலத்தில், ‘கேள்’ என்னும் வினையின் ‘செவிகொடுத்தல்’ பொருளைத் தாங்கிய பெயர் ஒதுங்கி, ‘வினவுதல்’ பொருளைத் தாங்கிய பெயர் முன்னுக்கு வந்திருக்கிறது.

கடன் வந்த சொற்கள்

இனி, சொல்லே எல்லை கடக்கும் இடங்களைக் காணலாம். சமற்கிருதத்தில் ‘பிரமாதம்’ என்பது கவனக்குறைவு, தவறு. கன்னடத்திலும் அது பெரும் பிழை. தெலுங்கில் அது ஆபத்து, விபத்து. சாலை விபத்தைத் தெலுங்குச் செய்தித்தாள்கள் ‘பிரமாதம்’ என்றே எழுதுகின்றன. மலையாளத்தில் ‘பிரமாதமான வழக்கு’ என்றால் நாடே பேசிய பரபரப்பான வழக்கு. தமிழில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு.

தவறு எப்படிச் சிறப்பாயிற்று? இடையில் ஒரு படி இருந்திருக்க வேண்டும் என்பதைத் தமிழ் வழக்கே காட்டுகிறது. ‘அது ஒன்றும் பிரமாதம் இல்லை’ என்றால் அது பெரிய விஷயம் இல்லை என்று பொருள். ஆபத்து அளவுக்குப் பெரியது என்ற பொருளில், ஆபத்து உதிர்ந்து பெரியது மட்டும் நின்றது எனக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அச்சுறுத்துவது என்ற பொருளிலிருந்த ‘டெரிஃபிக்’ இன்று பாராட்டுச் சொல். தமிழ்ப் பேச்சு வழக்கிலும் ‘பயங்கரமாக நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். தனித்தனி மொழிகளில் ஒரே தடத்தில் நடந்த மாற்றத்தைப் பிழை என்று கூற இயலாது.

‘அபிமானம்’ இன்னொரு சான்று. சமற்கிருதத்தில் ‘தான்’, ‘தனது’ என்னும் உணர்வும் அதனால் வரும் செருக்கும் அதன் பொருள். இந்தியில் செருக்கு என்ற பொருளே வலுப்பெற்றது. மலையாளத்தில் பெருமிதம். தமிழில் பற்று, அன்பு. வங்காளத்தில் அது மிக நுண்ணிய பொருளைப் பெற்றது: அன்புக்குரியவர் தன்னைக் கவனிக்கவில்லையே என்ற மனத்தாங்கல். ‘தனது’ என்னும் ஒரே விதை இந்நான்கு மொழிகளிலும் நான்கு விதமாக முளைத்திருக்கிறது.

‘சிட்சை’ ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய சொல். சமற்கிருதத்தில் ‘சிக்‌ஷா’ கற்றல், கற்பித்தல். இந்தியில் அது கல்வி. கல்வி அமைச்சகத்தின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. மராத்தி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் அது தண்டனை. தமிழிலும் சிட்சை என்றால் தண்டித்துத் திருத்துதல் என்ற பொருளே முன்நிற்கிறது. கற்பித்தலோடு ஒட்டியிருந்த பிரம்பின் பெயராகவே சொல் நிலைத்துவிட்டது எனலாம். பழைய வகுப்பறைகளைப் பற்றிய சான்று ஒன்று இச்சொல்லுக்குள் பதிந்திருக்கிறது. தூய தமிழ்த் தொடரான ‘பாடம் புகட்டுதல்’ என்பதும் இன்று தண்டித்தலையே பெரும்பாலும் குறிக்கிறது என்பதை நோக்க, பழியைக் கடன்சொல் மீது மட்டும் போட முடியாது.

இத்தகைய சொற்களில் மொழிபெயர்ப்பாளருக்குப் பள்ளங்கள் உண்டு. பிரேம்சந்தின் ‘கோதான்’ இந்தியில் ஓர் ‘உபன்யாஸ்’, அதாவது நாவல். தமிழில் உபன்யாசம் என்றால் சமயச் சொற்பொழிவு. ‘அவதி’ இந்தியில் கால அளவு, மலையாளத்தில் விடுமுறை, தமிழில் துன்பம். ஒலி ஒற்றுமையை நம்பி மொழிபெயர்த்தால் விடுமுறையில் இருப்பவர் துன்பத்தில் இருப்பவராகிவிடுவார். இப்பள்ளங்களைத் தவிர்க்கத் தேவையானது நல்ல அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சொல்லின் பழைய பொருள்களைத் திரட்டித் தருகிறது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கைப் பதிகிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பிழை என்பவர்கள் இரண்டின் நோக்கத்தையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

உருவகம் மட்டும் வருதல்

சில வேளைகளில் ஒலி வராது, உருவகம் மட்டும் மொழிபெயர்ந்து வரும். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் முதலைக் கண்ணீர் ஆங்கிலம் வழியே தமிழில் ஊன்றிவிட்டது. இரையைத் தின்னும்போது முதலை அழும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கை அதன் காரணம். தமிழில் அதே பொருளுக்கு ‘நீலிக் கண்ணீர்’ ஏற்கெனவே இருந்தது. பழையனூர் நீலி கதையில், வணிகன் ஒருவனின் மனைவி என்று சொல்லி வேளாளர் சபை முன் அழுது நின்று, அவனைத் தன்னிடம் ஒப்படைக்கச் செய்து கொல்கிறாள் நீலி.

இரண்டு தொடர்களும் இன்று ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆனால் அவற்றின் சுமை ஒன்றன்று. முதலைக்குக் கதையில் நியாயம் ஏதும் இல்லை. நீலிக்கு உண்டு. முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்டவள் அவள் என்பதும் அதே கதையின் பகுதிதான். உருவகம் அவள் கண்ணீரின் பொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு, அழுவதற்கு அவளுக்கு இருந்த காரணத்தை விட்டுவிட்டது. காரணத்தை மறத்தல் எப்போதும் தீங்கற்றது அன்று என்பதற்கு இது சிறிய சான்று. இதைவிடப் பெரிய சான்று தமிழிலிருந்து வெளியே சென்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

தமிழிலிருந்து சென்ற இரண்டு சொற்கள்

‘கட்டுமரம்’ தெளிவான காரணப்பெயர். மரங்களைக் கட்டி அமைத்த மிதவை அது. ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனபோது அது இணைந்த இரண்டு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கத் தொடங்கியது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெர்ஷாஃப் 1876இல் கட்டிய பந்தயப் படகு இவ்வகையில் புகழ்பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல்கள் கொண்ட படகுக்கு ‘ட்ரைமரன்’ என்று பெயரிட்டனர். ‘ட்ரை’ என்றால் மூன்று. அப்படியானால் ‘மரன்’ என்றால் படகுடல் என்றாகிறது. ‘கட்டு’ என்னும் வினை கழன்று விழ, ‘மரம்’ படகின் உடலாக மறுபிறப்பு எடுத்தது. பழைய காரணம் மறைந்த இடத்தில் புதிய காரணம் ஒன்றை அம்மொழி தானே கற்பித்துக்கொண்டது. இதனால் யாருக்கும் நட்டமில்லை. கடற்கரை மீனவரின் கட்டுமரம் தன் பெயரோடு இருக்கிறது.

இரண்டாவது சொல் ‘பறையர்’. பறை என்னும் இசைக்கருவியோடு இணைத்து இப்பெயர் பொதுவாக விளக்கப்படுகிறது. ஐரோப்பியர் இதனைக் கேட்டு ‘பரையா’ என எழுதினர். அங்கே இரண்டு படிகளில் பொருள் மாறியது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயர், இந்தியாவில் சாதியால் ஒதுக்கப்பட்ட அனைவருக்கும் பொதுப்பெயராகக் கொள்ளப்பட்டது முதற்படி. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவருக்கும், எதற்கும் உருவகமானது இரண்டாம் படி. பிரான்சில் காசிமிர் தெலாவின் 1821இல் இப்பெயரில் நாடகம் எழுதினார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதரைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். ஹன்னா அரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது. இன்று உலக நாடுகள் விலக்கிவைக்கும் அரசையும் ஆங்கில ஊடகங்கள் இச்சொல்லால் சுட்டுகின்றன.

இவர்களுள் பலர் ஒதுக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதியவர்கள். அவர்களின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அச்சொல் செய்யும் வேலையைத் தனியே பார்க்க வேண்டும். வாழும் மக்கள் சமூகம் ஒன்றின் பெயர், ஒதுக்கப்படுதலை அளக்கும் அளவுகோலாகிவிட்டது. உழைப்பும் இசையும் வழிபாடும் வரலாறும் கொண்ட மக்களின் பெயரிலிருந்து அவை அனைத்தும் நீங்கி, பிறர் அவர்களுக்குச் செய்த ஒன்று மட்டும் பொருளாக நின்றது. கட்டுமரத்தில் மறக்கப்பட்டது மரங்களைக் கட்டிய கயிறு. இங்கே மறக்கப்பட்டவர்கள் மனிதர்கள்.

அப்பெயருக்கு உரியவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் ஏற்றிப் பொதுவெளியில் நிறுத்துவது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்க மறுத்தார். தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் தொடங்கிய தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். எம். சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களில் பழைய பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மூவரின் விடைகளும் வேறு வேறு. பெயர் வெறும் இடுகுறி அன்று என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர்.

மலாய் மொழியிலும் இச்சொல் புகுந்து வசைச்சொல்லாக வழங்குகிறது. அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளியான ‘இன்டர்லோக்’ நாவல், மலேசியாவில் 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக்கப்பட்டது. அங்கு குடியேறிய தமிழரைக் குறித்து அதில் வந்த இச்சொல் எதிர்ப்பின் மையமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. நாவலின் இலக்கிய மதிப்பு பற்றிய விவாதம் வேறு. வகுப்பறையில் ஒரு மொழியில் அகராதிச் சொல்லாக இருப்பது, அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் வேறு மொழி மாணவரின் மீது விழும் சொல்லாக இருக்கலாம் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

மதிப்பீடு

மூலப்பொருளே சரி என்னும் வாதம் பிரமாதம், அபிமானம் போன்ற சொற்களில் தோற்கிறது. அவற்றை மூலத்துக்குத் திருப்ப முயல்வது வீண். திருப்பினாலும் எந்த மூலத்துக்கு என்ற கேள்வி எழும். சமற்கிருதச் சொல்லுக்கும் அதற்கு முந்தைய வரலாறு உண்டு. வழக்கே முடிவு என்னும் வாதம் அதைவிட வலியது. ஆனால் அது யாருடைய வழக்கு என்று கேட்பதில்லை. நன்னூல் ஆகுபெயருக்குத் தொன்முறை வேண்டும் என்றபோது, ஒரே மொழி பேசும் ஒரு சமூகத்தின் உடன்பாட்டை அது எடுத்துக்கொண்டது. சொல் மொழி கடக்கும்போது, பெயரை வழங்குவோர் ஒருவர், பெயருக்கு உரியோர் மற்றொருவர் என்றாகிறது. அங்கே வழங்குவோரின் உடன்பாடு மட்டும் போதாது.

எனவே பொருள் மாறிய சொல்லை ஆராய்வோர் சொல்லின் பிறப்பையும் இன்றைய வழக்கையும் கேட்டபின் மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: இதன் பழைய காரணத்தில் இன்றும் வாழ்கிறவர் யாரேனும் உண்டா? இல்லையென்றால் மாற்றத்தை ஏற்றுப் பதிந்துகொள்ளலாம். உண்டென்றால் அகராதியில் அதற்குரிய எச்சரிக்கைக் குறிப்பு இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் தெரிந்தே விலகல் வேண்டும். ஆங்கிலச் செய்தி அந்த உருவகத்தால் சுட்டும் அரசை ‘ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு’ என்று தமிழில் எழுதுபவர் உருவகத்தின் சுருக்கத்தை இழக்கிறார். மூலத்தில் ஒரு சொல்லாக இருந்தது தமிழில் இரண்டு சொற்கள் ஆகிறது. அந்த இழப்பு ஏற்கத்தக்கது. சரியான மொழிபெயர்ப்பும் அதுவே.